முன் ரூமில் முயல்கள்

நவம்பர் 4
இன்றும் ஒரு பெட்டைகூட ஆண் முயலை அண்டவிடவில்லை. அதன் கூண்டுக்குள் விட்டதும் மூலைக்கு ஓடி, பின்புறத்தைத் தரையோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. காது கிழிந்தவள் அதைக் கடித்தே விட்டாள். முன்பெல்லாம் இப்படியா? தீனி அதேதான், தண்ணீர் அதேதான். மாறியது மூத்தார் எழுப்பிய சுவர் மட்டும். அண்ணன் தம்பி பாகம் பிரித்ததில் தனக்கு வந்த இடத்தில் கிடங்கு கட்டுகிறார். அந்தச் சுவர் என் கொட்டகையின் ஜன்னல்களை அப்படியே அடைத்துக்கொண்டு நிற்கிறது. பட்டப்பகலில் டார்ச் அடித்துத் தீனி போடுகிறேன்.

நவம்பர் 7
மாட்டு டாக்டரம்மா வந்தார். ஒவ்வொன்றையும் தூக்கி வாலடியில் பார்த்தார். எல்லாம் வெளுத்துக் கிடந்தன.
“செவந்திருந்தாத்தாம்மா சேரும். உடம்புல ஒரு குறையும் இல்ல. பகல் சுருங்குற காலம், இதுல நீங்க இருட்டுல வேற வெச்சிருக்கீங்க. குட்டி போட இது நேரமில்லைன்னு நெனச்சுக்குது. பதினாலு மணி நேரமாவது வெளிச்சம் காட்டுங்க, மனசு மாறும்.”
கறிக்கு வளர்ப்பவள் நான். குட்டி இல்லையென்றால் கறிக்கடைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். போன வாரம் கடையில் அவரே அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

நவம்பர் 8
டியூப் லைட் மாட்டியாயிற்று.

நவம்பர் 11
லைட் எரியவில்லை. கொட்டகைக்குக் கரன்ட் மூத்தார் வீட்டிலிருந்து வருகிறது; எங்கள் வீட்டிலிருந்து இழுப்பதென்றால் அவர் இடத்தைத் தாண்டித்தான் இழுக்க வேண்டும். வயரைக் கழற்றிவிட்டார். நேரே போய்க் கேட்டேன்.
“என் மீட்டர்ல உன் முயலுக்கு வெளக்கு எரியணுமா?”
“பில்லை நான் கட்டிடுறேன் மாமா.”
“அது சினை பிடிக்கலன்னா என் சுவர் என்ன பண்ணும்? உனக்குக் கைராசி இல்ல. கொட்டகையை எங்கிட்ட விட்டுட்டு வீட்டு வேலையைப் பாரு.”
அவர் மனைவி, என் ஓரகத்தி, வாசற்படியில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இவரிடம் சொன்னால், “அண்ணன்கிட்ட என்னத்தப் பேசுறது?” என்கிறார்.
என்னத்தப் பேசுறதா? வாய் எதுக்கு இருக்கு, சோறு திங்க மட்டுமா? கைராசி இல்லையாம்! இத்தனை வருசமா இந்தக் கைதானே — விட மாட்டேன். சுவர் அவருடையது, சரி. வெளிச்சத்துக்கு அவருக்கு யார் பட்டா கொடுத்தது?

நவம்பர் 12
மாடியில் வைக்கலாமா என்று டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். கூடவே கூடாதாம், வெயில் சூட்டில் ஆண் முயலின் விந்து கெட்டுவிடுமாம். வீட்டுக்குள் காலையிலிருந்து சாயங்காலம்வரை வெளிச்சம் இருப்பது ஒரே இடத்தில். முன் ரூம்.

நவம்பர் 13
சோபா பின்கட்டுக்குப் போனது. டி.வி. சமையலறைக்கு. கூண்டுகள் ஜன்னலோரம் இரண்டு வரிசையாக. இவர் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.
“வர்றவங்க எங்க உக்காருவாங்க?”
“முயலுக்குப் பக்கத்துல.”
குளித்துவிட்டு வந்து, நான் கோணலாக மாட்டியிருந்த லைட்டைக் கூண்டுகளுக்கு நேரே மாற்றி மாட்டினார்.

நவம்பர் 19
நாறுகிறது. எவ்வளவு கழுவினாலும் நாறுகிறது. நாறட்டும்.

நவம்பர் 24
மூத்தார் வந்தார். வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார்.
“குடும்பம் நடத்துற வீடா இது?”
“ஆமா மாமா. முயலும் நாங்களும் நடத்துறோம்.”
“கொட்டகைதான் சும்மா கெடக்குதே, அதைக் கொடுத்துடு.”
“சும்மா கெடந்தாலும் அது எங்களோடது. கொடுக்க மாட்டேன்.”
அவர் தம்பியைப் பார்த்தார். இவர் எழுந்து என் பக்கம் வந்து நின்றார். “அவ சொன்னதுதாண்ணே,” என்றார்.
அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அது போதும்.

டிசம்பர் 3
காது கிழிந்தவளுக்கு வாலடி நன்றாகச் சிவந்திருக்கிறது! தூக்கிக்கொண்டு ஓடி ஆணின் கூண்டில் விட்டேன். கடிக்கவில்லை, வாலைத் தூக்கிக் கொடுத்தாள். ஆண் முயல் சேர்ந்துவிட்டுப் பக்கவாட்டில் தொப்பென்று விழுந்தது. தனியாக நின்று கைதட்டினேன். தெருவில் போனவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பார்க்கட்டுமே.

டிசம்பர் 16
வயிற்றைத் தடவிப் பார்த்தேன். கோலிக்குண்டு கோலிக்குண்டாக விரலில் உருளுகிறது. மற்ற பெட்டைகளும் ஒவ்வொன்றாகச் சேர்ந்துவிட்டன.
கைராசியாம்!

ஜனவரி 4
நெஞ்சு மயிரைப் பிடுங்கி மெத்தை போட்டு, அதற்குள் காது கிழிந்தவள் ஈன்றிருக்கிறாள். ரோஜா நிறத்தில் விரல் நீளக் குட்டிகள். கறிக்குத்தான் போகும், தெரிந்துதான் வளர்க்கிறேன். ஆனாலும் மயிரை விலக்கிப் பார்க்கும்போது மூச்சு தானாக நின்றுவிடுகிறது.

ஜனவரி 15
மூத்தார் வெளியே போன நேரம் பார்த்து ஓரகத்தி வந்தாள். கூண்டுகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒரு குட்டியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். ஒற்றை விரலால் அதன் காதை நீவிவிட்டாள்.
பிறகு, “எங்க வீட்டு முன் ரூம் இதைவிடப் பெருசு. ரெண்டு பக்கமும் ஜன்னல்,” என்றாள்.
“மாமா கத்துவாரேக்கா?”
“கத்தட்டும்.” குட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஆரம்பிக்க ரெண்டு பெட்டை போதும்ல?”