கடல்வந்த தேவியும் மோர்க்காரியின் கூவலும்

நலம் பெருகுக. அலை ஓயாச் சவுரித் தீவை ஒரு குடைக்கீழ்க் காக்கும் பேரரசி தாவியார் திருமுன்பு, செம்பரை நாட்டு மன்னர் பெருஞ்சாத்தனாரின் ஆணைப்படி ஓலைநாயகம் கண்ணந்தை எழுதுவது. இங்கு மழை உண்டு, விளைச்சல் உண்டு. தங்கள் திருமகளார்க்கு உடல்நலத்தில் குறையில்லை. குறை வேறிடத்தில் என்பதால் இவ்வோலை.

மூன்றாண்டின் முன் மணமகளாய்க் கப்பலிறங்கிய அவரை அரண்மனையில் எல்லோரும் 'கடல்வந்த தேவியார்' என்றே சொல்வர். தேவியரைப் பெயர் சொல்லி அழைப்பதும் பெயர் வினவுவதும் எம் குலத்தில் வழக்கமில்லை. உடன் வந்த தோழி சென்ற மாரியில் காய்ச்சல் கண்டு இறந்தபின், தங்கள் மொழியில் அவரோடு ஒரு வார்த்தை பேச இங்கு ஆளில்லை.

ஒரு நண்பகலில் கொற்றி என்னும் மோர்க்காரி மதிற்புறத் தெருவில் "மோரே... மோரு!" என்று கூவிப் போக, உண்டுகொண்டிருந்த தேவியார் கை கழுவாமலே மேல்மாடத்துக்கு ஓடினார். தங்கள் தீவில் தாயர் மகளை அழைக்கும் சொல் அதுவாம். எமக்கோ அது கடைந்த தயிர். சேடியர் விளக்கிச் சொன்னபோது, தெரியும் என்றாராம். தெரிந்தும் மறுநாள் அதே வேளையில் மாடத்தில் நின்றார். அதன் மறுநாளும் நின்றார்.

இஃதறிந்த மன்னர், நல்லது செய்வதாய் எண்ணிக் கொற்றியை அந்தப்புர முற்றத்தில் இருத்தி, பகலெல்லாம் கூவுமாறு பணித்தார். அவளோ, வாங்க ஆளில்லாத இடத்தில் தொண்டை எப்படித் திறக்கும் என்றும், வேண்டுமானால் மன்னரே ஒருநாள் கூவிப் பார்க்கட்டும் என்றும் சொல்லிவிட்டாள். காவலர் அதட்டவே கூவினாள். காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போன தேவியார், அதன்பின் மாடத்துக்கு வருவதில்லை, எவரோடும் பேசுவதுமில்லை. கொற்றியைத் திருப்பி அனுப்பியாயிற்று. பயனில்லை.

நேற்று மன்னர் தாமே அவர் கதவருகே சென்றார். குல வழக்கம் கிடக்கட்டும், பெயர் சொல்லி அழைப்போம் என்று வாயெடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார். மணவோலையைக் கொணர்ந்து பார்த்தோம்; தங்கள் பட்டங்கள் உண்டு, தீவின் எல்லைகள் உண்டு, 'இளைய மகள்' என்றும் உண்டு. பெயர் மட்டும் இல்லை. சேடியருள் ஒருத்திக்கும் தெரியவில்லை. தேவியாரையே கேட்கலாமே என ஓலைநாயகமாகிய யான் சொல்ல, இத்தனை காலம் கழித்து எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது என்றார் மன்னர்.

ஆகவே ஆணையாவது: இவ்வோலை கொணரும் கலம் தங்கள் துறையில் சரக்கு ஏற்றாது, மறுமொழிக்கு மட்டும் காத்திருக்கும். மகளைத் திரும்பப் பெறத் தாங்கள் விழைந்தால், சீர்வரிசை குறையாமல் அனுப்பி வைப்போம். மனம் இரங்கி எம்மிடம் இருக்கவிடின், அவர் பெயரை, அதை எவ்வாறு ஒலிக்க வேண்டுமென்று மன்னர்க்குச் சொல்லித்தரும் ஒருவரோடு அனுப்பியருள்க.

நாரை முத்திரை இட்டது ஓலைநாயகம் கண்ணந்தை. மன்னர் கைச்சாத்து, அக்கதவின் வெளியே தரையில் அமர்ந்தபடி இட்டது.