ஆலம்பரையில் கடிபட்டவன் எழுதுவது

உன்மீது எனக்குள்ள குறைகளைத் தேதிவாரியாக முதலில் பதிவு செய்துவிடுகிறேன்.

1. 1993, சித்திரை. ஆலம்பரைக் கோட்டைச் சுவரோரம், மீன்கூடையோடு போன பெண்கள் நின்று சிரிக்க, இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்ற என்னைப் பிணமாக நடக்க வைத்தாய்.

2. 2005, தை. கடப்பாக்கத்தில் ஏழுமலையின் மனைவி ஒரே ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டும்படி உன்னிடம் கேட்டாள். நீ எழுந்து வெளியே போனாய். வாசித்தவன் நான்.

3. 2009, ஆனி. என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், என் சொந்தப் பெயரிலேயே என்னைக் கதைக்குள் இழுத்து, பிணத்திடம் கடிபட வைத்து, அதற்குக் கீழே 'முதல் பாகம் முற்றும்' என்று போட்டாய்.

4. 2009, ஆவணி. நோயை மறைத்தாய், பிறகு இறந்தாய். இவ்விரண்டையும் ஒரே குறையாகவே கொள்கிறேன்.

நேற்று முன்தினம் காலை பதிப்பாளரிடமிருந்து ஓர் உறை வந்தது. பிரித்ததும் அச்சு மையின் வாசனை அறை முழுவதும் பரவியது. மாத நாவல் வெளிவரும் நாளில் உன் சட்டையில் அடிக்கும் அதே வாசனை. உள்ளே இருந்தது அட்டையின் மாதிரி. இரண்டாம் பாகம். இடிந்த கோட்டை, சிவப்பு வானம், நீட்டிய கைகள், மேலே 'ஜாம்பி நாவல்', அதற்கும் மேலே என் கட்டைவிரல் பருமனில் உன் பெயர். ஒரு வரிகூட எழுதப்படாத நாவலுக்கு அட்டை ஆயத்தமாகிவிட்டது.

உடன் ஒரு குறிப்பும் இருந்தது. இரண்டாம் பாகத்தை நான் எழுதித் தரச் சம்மதமா என்பதைத் தை முதல் நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தவறினால், வேகமாக எழுதக்கூடிய ஒருவர் சென்னையில் இருக்கிறார், அவரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். யார் எழுதினாலும் உன் பெயரில்தான் வரும். முதல் பாகத்தின் பின்னட்டையில் 'விரைவில்' என்று நீ அறிவித்த மூன்று நாவல்களும் அதே வழியில் தொடரும்: 'அச்சரப்பாக்கம் போகாத பஸ்', 'ஏரிக்கரையில் எழுந்தவன்', பெயர் மட்டும் வைத்துவிட்டு என்ன கதை என்று என்னிடம்கூடச் சொல்லாத 'பத்தாவது நாள் சாப்பாடு'. செத்தவர்களை நடக்கவிட்டுப் பெயர் வாங்கியவன் நீ. இப்போது உன் பெயரை நடக்கவிடப் போகிறார்கள்.

நாம் இருவரும் ஒரே அலுவலகம். நீ வரைபடப் பிரிவு, நான் அதற்கு இரண்டு கட்டடம் தள்ளி. அலுவலகக் குடியிருப்பு நகரியத்தின் நூலகத்தில் உன் முதல் நாவலைத் தற்செயலாக எடுத்துப் படித்துவிட்டு, அதன் ஆசிரியன் நீ என்று தெரிந்ததும், நேரே உன் மேசைக்கு வந்து நான் கேட்ட முதல் கேள்வி உனக்கு நினைவிருக்கும். உணவு செரிக்காத, மூச்சு விடாத ஓர் உடலுக்கு நடப்பதற்கான ஆற்றல் எங்கிருந்து கிடைக்கிறது?

நீ பென்சிலைக் கீழே வைக்கவேயில்லை. "யோவ் எம்.எஸ்ஸி., மத்தியானம் சாப்ட்டு வந்து நம்ம ஆபீஸ்ல உக்காந்துகினு கீறானுங்களே, அவனுங்கள பாரு. அவனுங்களுக்கு எங்கேந்து வருது?"

அன்றிலிருந்து உன் நாவல்களின் முதல் வாசகனாகவும் ஒரே எதிரியாகவும் இருந்தேன். நீ எழுதுவதற்கு முன் வரைவாய். படாளம் கூட்டுச்சாலையிலிருந்து ரயில் பாதை வரை, பாதையிலிருந்து ஏரிக்கரை வரை, எழுந்தவர்கள் எந்த வழியாக வருவார்கள், எந்த வேலியில் சிக்குவார்கள், எல்லாம் அளவோடு தாளில் இருக்கும். வரைந்ததை நம்பவும் மாட்டாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு அந்த இடத்துக்கே போய், பிணமாக நடக்கச் சொல்வாய். எழுதுபவன் நடக்கக் கூடாது, பார்க்க வேண்டும் என்பது உன் வாதம். எனவே ஒவ்வொரு முறையும் செத்தவன் நான்.

ஆலம்பரையில் முதல் முறை நான் நடந்ததைக் கண்டு நீ தலையில் அடித்துக்கொண்டாய். "இன்னா நட இது? பேங்க்குக்கு லேட்டாயிட்ட மாதிரி! முட்டிய மடக்காத. செத்தவனுக்கு இன்னா அவசரம்?"

கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பெண் உன்னிடம் கேட்டாள். "ஏன்யா, அந்தாளுக்கு வாதமா?"

"இல்லம்மா, செத்துட்டாரு."

"அய்ய, பாத்தா மாசச் சம்பளம் வாங்கற ஆளாட்டம் கீறாரே!"

நீ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அடுத்த நாவலில் அந்த வசனம் அப்படியே இருந்தது. முதல் குறை இதுதான். சிறிய குறை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேதி தேதிதான்.

உனக்கு ஒரு வழக்கம் இருந்தது. அதை நான் மதித்தேன்; ஆகவேதான் இந்தக் கோபம். கதையில் நீ கொல்லும் எவரும் கற்பனை மனிதர் அல்லர். இந்தப் பகுதியில் உண்மையாக வாழ்கிறவர்கள், உண்மையான பெயரோடு. ஆனால் சம்மதம் இல்லாமல் யாரையும் தொடமாட்டாய். படாளத்தில் தணிகாசலத்தின் டீக்கடைக்கு ஆளை வரவழைத்து, நேருக்கு நேர் கேட்பாய். "இந்த மாசம் உன்ன சாவடிச்சிக்கட்டுமா, அண்ணாத்த?" அவர் தலையசைத்தால் நீயே ஒரு டீ வாங்கிக் கொடுப்பாய். டீயைக் குடித்து முடித்துவிட்டால் சம்மதம் உறுதி, பின்வாங்க முடியாது. கையெழுத்துக்கு மேலான ஒப்பந்தமாக அதை எல்லாரும் மதித்தார்கள். ஒரு லாரி ஓட்டுநர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நிபந்தனை போட்டார்: "எப்படி வேணா சாவடி. பொண்டாட்டி கையால மட்டும் வாணாம்பா. அது மெய்யாலுமே நடந்துரும்." தணிகாசலமே பல நாவல்களில் செத்தவர். புதிதாக வருபவர்களிடம், "இந்த ரோட்டுல என்னாட்டம் செத்தவன் எவனும் கெடையாது" என்று பெருமையாகச் சொல்வார்.

என்னை ஏன் கேட்பதில்லை என்று ஒருமுறை வினவினேன். "உன்ன சாவடிச்சிட்டா என் தப்ப யாரு கண்டுபுடிப்பா? நீ டீ வாங்கு" என்றாய். வாங்கினேன். அத்தனை ஆண்டுகளிலும் நான்தான் வாங்கினேன். உன் கையால் எனக்கு டீ கிடையாது. அதை உன் கஞ்சத்தனம் என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரித்தேனே தவிர, அதன் பொருள் எனக்குத் தெரிந்தே இருந்தது.

கடப்பாக்கத்து ஏழுமலை அந்த டீயைக் குடித்தது 2003இல். படகு வலிக்கும் தோள்கள். பேசும்போது எதிரே இருப்பவரின் தொடையில் அடித்துப் பேசுவார். "என்ன கடல்லயே சாவடி நைனா. ஆனா எழுந்தா நேரா வூட்டுக்குதான் வருவேன். ஊரெல்லாம் சுத்திகினு இருக்க மாட்டேன்." நீ அப்படியே எழுதினாய். கதையில் ஏழுமலை நீரிலிருந்து எழுந்து, யாரையும் கடிக்காமல், ஈர வேட்டியோடு மணலைக் கடந்து, தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, "கொழம்பு கீதா?" என்று கேட்பார். நீ எழுதியவற்றிலேயே சிறந்த பக்கம் அது. உன்னிடம் அதைச் சொன்னதில்லை.

அடுத்த ஆண்டு மார்கழியில் அலை வந்தது. ஏழுமலை கிடைக்கவேயில்லை.

தை மாதத்தில் நாம் இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி அழுது ஓய்ந்திருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. உப்புநீரில் ஊறி உப்பியிருந்த அந்த நாவலை உள்ளேயிருந்து எடுத்துவந்து உன்னிடம் நீட்டினாள். "அவரு வூட்டுக்கு வந்தாரே, அத்த மட்டும் படி சார்."

நீ எழுந்துபோய்க் கவிழ்ந்து கிடந்த படகருகே முதுகைக் காட்டி நின்றாய். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரித்து, எழுத்து கலங்கிய இடங்களை நினைவிலிருந்து நிரப்பி, நான் வாசித்தேன். 'கொழம்பு கீதா' என்ற இடம் வந்ததும் அவள் சிரித்துவிட்டாள். "அப்பிடிதான் கேப்பாரு. செருப்பக்கூட கழட்ட மாட்டாரு, அதுக்குள்ள கேப்பாரு." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தபா படி" என்றாள்.

திரும்பும் வழியில் ஸ்கூட்டரை ஓட்டியபடியே நீ சொன்னாய். "மெய்யாலுமே செத்தவன எழுப்பக் கூடாதுடா. இனிமே அதான் சட்டம்." நான் பேசவில்லை. அதன்பின் மூன்று ஆண்டுகள் நீ எழுதவும் இல்லை.

அன்று பேசாததை இன்று பேசுகிறேன். உன் சட்டம் தவறு. அவள் ஏமாந்துபோய்க் கேட்கவில்லை. கணவன் திரும்ப மாட்டான் என்பது அவளுக்கு உன்னையும் என்னையும்விட நன்றாகத் தெரியும். அவன் கேட்கும் விதத்தை இன்னொரு வாயால் ஒருமுறை கேட்க விரும்பினாள். எழுதியவன் நீ, உன் வாயைக் கொடுக்க மறுத்தாய். உன் மனம் நொந்ததை நீ ஒரு நெறியாக்கிக்கொண்டாய்.

பிறகு எழுதத் தொடங்கினாய். இரண்டு பாகம், ஆலம்பரைக் கோட்டை, இதுவரை எழுதியதிலேயே பெரிது என்றாய். வைகாசியில் ஒரு நாள் தணிகாசலம் கடையில் நான் பையில் கைவிடும் முன் நீ முந்திக்கொண்டாய். "இன்னிக்கி என்னுது." பதவி உயர்வு ஏதாவது வந்திருக்கும் என்று எண்ணினேன். எதையும் நீ கேட்கவில்லை. நான் குடித்து முடிக்கும் வரை என் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாய். வாய் ஓயாத தணிகாசலம் அன்று பால் சட்டியை அளவுக்கு மீறிக் கிளறிக்கொண்டிருந்தார்.

ஆனியில் நாவல் வந்தது. கடைசிப் பக்கத்தில், கோட்டை வாசலில் நின்று, பிணங்களால் சுவர் ஏற முடியாது என்பதை ஆற்றல் விதிகளைக் கொண்டு நான் விளக்கிக்கொண்டிருக்கிறேன். விளக்கி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒன்று என் தோளைக் கடிக்கிறது. முற்றும். உன்னிடம் சண்டை போட வந்தேன். நீ நீண்ட விடுப்பில் வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள். ஆவணியில் உன் உடலைத்தான் பார்த்தேன். உன் மனைவி அழுகைக்கிடையே சொன்னார்: மருத்துவர் கைவிரித்தது பங்குனியிலேயே.

பங்குனி. டீ வாங்கிக் கொடுத்தது வைகாசி. அதாவது, இரண்டாம் பாகத்தை எழுத நீ இருக்கமாட்டாய் என்று தெரிந்துகொண்டே என்னைக் கடிபட வைத்தாய். சாகவும் இல்லை, எழவும் இல்லை; அந்த வாசலிலேயே நிற்கிறேன். சாலையில் போகிறவர்கள் பேருந்தின் சன்னல் வழியாகக் கேட்கிறார்கள்: "இன்னா சார், எழுந்தியா இல்லியா?"

நேற்று தணிகாசலத்திடம் நேராகவே கேட்டேன். அன்று அவன் வாங்கிக் கொடுத்தது அந்த டீயா, வெறும் டீயா?

"எனக்கு இன்னா சார் தெரியும்? அவன் குட்த்தான், நீ குடிச்ச. நம்ம கடைல அதுக்கு ஒரே அர்த்தம்தான்."

ஊராரிடமெல்லாம் வாய்விட்டுக் கேட்டாய். என்னிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏன் என்று கேட்டிருப்பேன், நீ நோயைச் சொல்ல வேண்டி வந்திருக்கும். அதற்கு அஞ்சி டீயோடு நிறுத்திக்கொண்டாய். இது சம்மதம் பெறுவதல்ல. இப்படிப் பெற்றதைச் செல்லாது என்று தள்ளிவிட எனக்கு முழு உரிமை உண்டு.

என் இடது மூட்டு தேய்ந்துவிட்டது. மடக்க வேண்டாம் என்று செங்கல்பட்டு மருத்துவர் சொல்லியிருக்கிறார். காலை இழுத்து, மெதுவாக, ஆலம்பரையில் நீ விரும்பியும் என்னால் அன்று வராத அந்த நடையை இப்போது பிசகில்லாமல் நடக்கிறேன். பார்க்கத்தான் நீ இல்லை.

பதிப்பாளருக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. சென்னைக்காரர் எழுதினால் உன் பெயர் நடக்கும். கோட்டை வாசலில் நிற்கும் நான் யாரோ ஒருவர் கையால் எழுவேன், இல்லை அழுகுவேன். நான் எழுதினால், எழுபவன் நான் ஒருவனாக மட்டும் இருக்கமாட்டேன். வரைபடப் பிரிவிலிருந்து ஒருவன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, என் நடையைக் குறைசொல்லிக்கொண்டே வருவான். உன் சட்டப்படி அது குற்றம். தெரிந்தேதான் சொல்கிறேன்.

உன் வழக்கத்தை நான் மீறவில்லை. நேற்று உன்னை வாய்விட்டுக் கேட்டேன், தணிகாசலம் சாட்சி. கேட்டுவிட்டு, உன் பெயரில் ஒரு டீ சொல்லி, நீ உட்காரும் பெஞ்சில் வைத்தேன். ஆடை படிந்த பிறகும் தணிகாசலம் அதை எடுக்கவில்லை. மறுப்பு இருந்தால், காரணத்துடன், உன் கையெழுத்தில், எழுத்துமூலமாக, தை முதல் நாளுக்குள் எனக்குக் கிடைக்குமாறு அனுப்பு.