நாலு விநாடி

மார்ச் 4, செவ்வாய்

எடிட் ரூமில் ஏசி மறுபடி ஒழுகுகிறது. கீபோர்டு நனையாமல் பிளாஸ்டிக் கவரைப் பிடித்துக்கொண்டே வேலை பார்த்தேன். நகரசபைத் தேர்தலில் எங்கள் சேனல் தூக்கிப் பிடித்த தலைவர் சொற்ப ஓட்டில் தோற்றுவிட்டார். எண்ணிக்கைக்குப் பொறுப்பாக இருந்த கணக்கு டீச்சரின் பேட்டி வந்தது. நாற்பத்தோரு விநாடி.

"எண்ணிக்கையில தப்பு நடந்தது உண்மைதாங்க. ஒரு ஓட்டுச்சீட்டுக் கட்டை ரெண்டு தடவை கூட்டிட்டோம். அரை மணி நேரத்துல நாங்களே கண்டுபிடிச்சு, எல்லாக் கட்சி ஏஜென்ட் முன்னாடியும் திருப்பி எண்ணிக் கையெழுத்து வாங்கிட்டோம்..." இப்படிப் போகிறது.

செய்தி ஆசிரியர் என் பின்னால் நின்றார். "முதல் வரி போதும்மா. அதோட நிறுத்து."

நிறுத்தினேன். நாலு விநாடி. கேள்வி கேட்கவில்லை.

மார்ச் 5, புதன்

நாள் முழுக்க அதுவே ஓடியது. தலைவர் மேடையில் கத்துகிறார்: "அந்தம்மா வாயாலயே ஒத்துக்கிட்டாங்க! இனிமே கோர்ட்டு எதுக்கு? நேரா வீட்டு வாசல்ல போய்க் கேளுங்க!"

அப்பாவுக்கு ஒரே பெருமை. "உங்க டிவி மாதிரி வருமா? எதைச் சொன்னாலும் ஆதாரத்தோட சொல்றாங்க."

தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

மார்ச் 6, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. இருக்கிறது. எழுத மாட்டேன்.

மார்ச் 8, சனி

டீச்சர் வீட்டு முன்னால் இருநூறு பேர். அந்தக் காட்சியும் என் மேஜைக்குத்தான் வந்தது. கண்ணாடி உடைகிறது. மாடி ஜன்னலில் டீச்சர், காதில் போனை வைத்தபடி. மூன்றாவது வரிசையில் கோஷம் எழுதிய அட்டையைப் பிடித்துக் கத்திக்கொண்டிருப்பது — அப்பா. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஆஸ்பத்திரி பக்கம் போனால் ஹார்னில் கையே வைக்காத மனுஷன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"நான் கல்லு எறியலம்மா."

"கத்தினீங்களே."

"ஓட்டைத் திருடினா கத்தாம? உங்க டிவியிலதானே காட்டினாங்க!"

"அப்பா, அதை வெட்டினதே நான்தான்."

முழுப் பேட்டியையும் போனில் காட்டினேன். அதை ஏன் போனில் ஏற்றி வைத்திருந்தேன்? தெரியவில்லை. இல்லை, தெரியும்.

மூன்று தடவை பார்த்தார். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அந்த அட்டையை எடுத்து நாலாக மடித்துக் குப்பையில் போட்டார். "அந்தம்மா மூஞ்சியில எப்படி முழிப்பேன்" என்று மட்டும் கேட்டார். என்னையா, தன்னையா?

மார்ச் 10, திங்கள்

முழுப் பேட்டியைக் கொடுக்கத் தேர்தல் அலுவலகத்துக்குப் போனேன், அப்பாவும் கூட வந்தார். அதிகாரி பேனாவைத் திறந்தார். "வெட்டினது யாரு?"

"நான்தாங்க."

சொல்வதற்கு அவ்வளவுதான் ஆனது. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வெளியே பெஞ்சில் அப்பா. "பயமா இருக்கா?"

"இருக்குப்பா."

"எனக்கும்தான்."

மார்ச் 11, செவ்வாய்

வேலை போயிற்று. செய்தி ஆசிரியர் போனில் தொடங்கினார்: "இத்தனை வருஷம் உன்னை வளர்த்துவிட்ட சேனலுக்கு..." மிச்சத்தைக் கேட்காமல் வைத்துவிட்டேன். அவர் பேச்சையும் பாதியில் வெட்டியாயிற்று. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மார்ச் 14, வெள்ளி

முழுப் பேட்டியையும் தேர்தல் அலுவலகம் வெளியிட்டது. சேனலும் போட்டாக வேண்டும் என்று உத்தரவு, போட்டார்கள். டீச்சர் வீட்டுக்குப் போலீஸ் காவல். பத்தொன்பதாம் தேதி எல்லார் முன்னாலும் மறு எண்ணிக்கை. பொதுமக்களும் சாட்சியாக உட்காரலாமாம். ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது.

மார்ச் 16, ஞாயிறு

டீச்சர் வீட்டுக்குப் போனோம். உடைந்த ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் இன்னும் அட்டைதான். அப்பா கைகூப்பியபடியே நின்றார். நான் "மன்னிச்சிருங்க" என்றது டீச்சருக்குக் கேட்டதா என்றுகூடத் தெரியாது.

"உள்ள வாங்கன்னு கூப்பிட மனசு வரலைங்க" என்றார் டீச்சர். கதவைச் சாத்தும் முன் அப்பாவைப் பார்த்தார். "சாட்சிக்கு ஆள் கேட்டிருக்காங்க. பேரு குடுங்க. வந்து கண்ணால பாருங்க."

கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது.

மார்ச் 19, புதன்

காலை ஏழு மணிக்கே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு மறு எண்ணிக்கைக்குக் கிளம்பிய அப்பா சாயங்காலம்தான் வந்தார். நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.

"எங்க ஆளு தோத்துட்டாரும்மா. நிஜமாவே தோத்துட்டாரு. ஒரு ஓட்டுகூட மாறல."

"வருத்தமாப்பா?"

"வருத்தம்தான். அவருக்குத்தானே போட்டேன்." நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். "அந்த டீச்சர் ஒவ்வொரு சீட்டையும் தூக்கித் தூக்கிக் காட்டினாங்க. கை வலிக்கலையான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'இன்னும் ரெண்டு கட்டு இருக்கு, பேசாம பாருங்க'ன்னு ஒரு அதட்டு. ஸ்கூல் பையன் மாதிரி வாயை மூடிக்கிட்டேன்."

சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். நானும்தான். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிகிற வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தோம்.