குண்டன் குடித்த பால்

மார்ச் 4

இன்று ஆட்டுக்குட்டிகளின் முதுகுக்கு ஸ்கேன். திரையில் மேலே மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிவது கொழுப்பு, அதற்குக் கீழே இருட்டாக இருப்பது சதை. பார்த்துக்கொண்டே இருந்தால் குளத்தடியில் படுத்துக்கொண்டு மேலே பார்ப்பது போலிருக்கும். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, அண்ணன் தோளில் தட்டினான். "ஏய் தூங்குமூஞ்சி, அளவைச் சொல்லு!"

குண்டனுக்குத்தான் சதை அதிகம், கொழுப்பு குறைவு. வளர்த்தியிலும் அந்தக் கிடாக்குட்டியை அடிக்க ஆளில்லை. அண்ணன் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. "அடுத்த வருஷக் குட்டிங்க எல்லாத்துக்கும் இவன்தான் அப்பன்." எனக்கும் அந்த ஆசைதான்.

மார்ச் 5

கழிக்க வேண்டிய ஆடுகளைப் பிரித்தோம். குட்டியை ஒழுங்காக வளர்க்காத தாய்க்கு மந்தையில் இடமில்லை — நானே போட்ட விதி. இந்த முறை சாம்பலி. அவளுடைய பெண்குட்டி நோஞ்சான். வெள்ளிக்கிழமை கறிக்கடைக்காரரின் லாரி வரும்.

நான் போட்ட விதிதான். ஆனாலும் அவள் பெயரைப் பட்டியலில் கடைசியாகத்தான் எழுதினேன்.

மார்ச் 6

மதியம் மேய்ச்சலில் மரத்தடியில் சாய்ந்தேன். கண் செருகிக்கொண்டு வந்தது. ஆடுகள் தரையில் கால் படாமல் நகர்ந்தன. ஒவ்வொன்றின் முதுகும் உள்ளே தெரிந்தது, வெள்ளைக் கோடும் இருட்டுமாக. அதற்கு நடுவில்தான் பார்த்தேன். சாம்பலி தன் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள். குண்டன் சத்தமில்லாமல் பின்னால் வந்து, அவள் கால்களுக்கு நடுவே தலையை நுழைத்து உறிஞ்சுகிறான். தாய் ஆடு முகர்ந்துதான் தன் குட்டியை அறியும்; பின்னால் நிற்பவனை அவளால் முகர்ந்து பார்க்க முடியாது. அவன் தாய் அவளில்லை!

எழுந்து உட்கார்ந்தபோது எல்லாம் சிதறி மேய்ந்துகொண்டிருந்தன. பார்த்தேனா, கனவா?

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "போன வாரம் ஆடு பறந்துச்சுன்ன. இன்னைக்குத் திருடுதா?"

அவனைச் சொல்லி என்ன? என் கண்ணை நானே நம்பவில்லை.

ஆனால்... பால் மறக்கடிக்கும் முன்பே குட்டிகளை அளந்துவிடுவது எங்கள் பழக்கம். இனவிருத்திக்குக் குட்டி வாங்குகிறவர்கள் அவ்வளவு அவசரப்படுத்துகிறார்கள். அப்படியானால் நாங்கள் அளந்தது குண்டனையா, சாம்பலியின் பாலையா? திருட்டுப் பாலில் ஏறிய சதை அவன் பிள்ளைகளுக்கு வராதே!

மார்ச் 7

காலையில் சாம்பலியின் மடியைச் சுற்றியும் தொடைகளின் உள்பக்கமும், ஆட்டுக்கு அடையாளம் வைக்கிற நீலச்சாயத்தைத் தடவிவிட்டேன். அண்ணனிடம் மூச்சு விடவில்லை.

சாயங்காலம் அவனே சிரித்துக்கொண்டு கூப்பிட்டான். "இங்க வாயேன். இவன் எங்க போய்த் தலைய விட்டான்?" குண்டனின் நெற்றி, காது எல்லாம் நீலம். சாயத்தை எங்கே பூசினேன் என்று சொன்னேன். அவன் சிரிப்பு நின்றது. "அப்ப ரெண்டு குட்டிக்குப் பால் குடுத்திருக்கா. அவளயா அனுப்ப இருந்தோம்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

மார்ச் 8

குண்டனின் தாயைக் கறந்து பார்த்தோம். ஒரு மடக்குகூட இல்லை. பசித்திருக்கிறது, வேறு என்ன பண்ணுவான் பாவம்!

அவனைப் பால் மறக்கடித்து மறுபடி அளக்கலாமே என்றேன். அண்ணன் தலையாட்டவில்லை. "தாயோட ரத்தமும் அவன்கிட்ட இருக்கே. பாலே இல்லாத பெட்டைங்களா பொறந்தா என்ன பண்ணுவ?"

குட்டிக்குப் பால் கொடுக்கிற பெட்டைகளை வளர்த்து விற்பதுதானே எங்கள் தொழில்.

மார்ச் 9, வெள்ளி

சாம்பலி மந்தையிலேயே இருக்கிறாள். அவள் குட்டியும்.

குண்டனின் தாய் முதலில் ஏறிவிட்டாள். லாரிக்காரர் அவனுக்குக் கயிறு எடுத்து வந்தார். "வேணாங்க, நானே கூட்டிட்டு வரேன்" என்றேன். அண்ணன் கொட்டகைக்குள் போய்விட்டான்.

என் விரலைச் சப்பிக்கொண்டே லாரிப் பலகையில் ஏறினான்.