இறக்குமதி என்று எழுதப்பட்ட யூலனுக்கு

என் அன்பான யூலன்,

நீ செத்த பிறகு உன்னைக் கனடாக்காரி ஆக்கிவிட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை மோர்னிங்சைட் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் உனக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். வாசலில் ஆள் உயரப் பதாகை. சிவப்புச் சட்டை போட்டு, நெஞ்சில் மேப்பிள் இலையோடு நீ சிரித்துக்கொண்டு நிற்கிறாய். கீழே கொட்டை எழுத்தில் ‘கனடாவின் தங்க மகள்’ என்று போட்டிருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டுக் காருக்குத் திரும்பிப் போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. கோபம்தான்.

இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதுகிறேன். ‘சரி’, ‘வா’, ‘காணும்’, ‘தங்கச்சி’ என்ற நாலு சொல்லுக்கு மேல் உனக்குத் தமிழ் தெரியாது. அது எனக்குத் தெரியாததா? ஆனால் தமிழ்க் கடை வாசலில் இந்தக் கடிதம் வருகிற இலவசப் பத்திரிகையை எடுத்து, மரக்கறிப் பைக்குள் செருகிக்கொண்டு போய் வீட்டில் வாசிக்கிற சிலருக்கு நன்றாகவே தெரியும். கடிதம் உனக்குத்தான். அவர்களும் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

உன்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ சீனாவில் பிறந்தவள். ஆறு வயதில் விளையாட்டுப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். மேசைப்பந்தைத் தவிர வேறொன்றும் தெரியாமல் வளர்ந்தாய். உனக்கு முன்னால் உன்னைவிடக் கெட்டிக்காரிகள் வரிசையாக நின்றதால், உன் நாட்டு அணியின் கதவு உனக்குத் திறக்கவே இல்லை. “அங்க நாங்கள் மிஞ்சின சோறு” என்று ஒருநாள் சொன்னாய். இங்கிலீஷில்தான் சொன்னாய். நாம் பேசியதெல்லாம் உன் அரைகுறை இங்கிலீஷிலும் என் அவசர இங்கிலீஷிலும்தான். ஆனால் இப்போது நினைத்தால் எல்லாம் எங்கள் வீட்டுத் தமிழில்தான் காதில் கேட்கிறது.

இருபத்துநாலு வயதில் ரொறன்ரோவுக்கு வந்தாய். பகலில் பேக்கரி வேலை, மாலையில் ஸ்காபரோ கொம்யூனிற்றி சென்ரரில் பயிற்சி. பல் வைத்தியர் ஒருவரின் ஒபிஸில் வேலை செய்துகொண்டு, உடம்பு குறைக்கலாம் என்று மட்டை தூக்கி வந்த என்னை அங்கேதான் பிடித்தாய். நான் இடக்கைக்காரி, நீ வலக்கைக்காரி. இரட்டையர் ஆட்டத்தில் அப்படிப்பட்ட ஜோடி ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்ளாது. “உன்ர கையைத் தவிர உன்னட்ட ஒண்டும் சரியில்லை” என்று முதல்நாளே சொல்லிவிட்டாய். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் உன் பக்கத்தில்தான் நின்றேன்.

குடியுரிமை கிடைத்து நீ கனடாச் சட்டை போட்ட முதல் போட்டியைக் கணினியில் பார்த்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஐரோப்பிய நாடு ஒன்றின் சட்டையோடு நின்றவளும் உன் பள்ளிக்காரி. ஒரே அறையில் மேல் கட்டிலிலும் கீழ்க் கட்டிலிலும் படுத்தவர்கள் நீங்கள். வர்ணனையாளர் “சீனாவுக்கும் சீனாவுக்கும் போட்டி” என்று சிரித்தார். நீ வென்றாய். கைகுலுக்கும்போது அவள் உன் காதில் ஏதோ சொல்ல, நீ விழுந்து விழுந்து சிரித்தாய். என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டேன். “என்ர சொக்ஸ் ஒண்டை இன்னும் வைச்சிருக்கிறாளாம்” என்றாய். எந்தக் கொடிக்காக விளையாடுகிறாய் என்று உன்னைக் கேட்டவர்களுக்கெல்லாம் அந்தச் சிரிப்பைக் காட்டவேண்டும் போல இருக்கும் எனக்கு.

இனிப் பரம் அங்கிளிடம் வருகிறேன். எங்கள் தமிழ் மேசைப்பந்துக் கழகத்தின் தலைவர். அகதியாக வந்து பார்க்டேலில் ஓர் அறையில் ஒன்பது பேரோடு படுத்த கதையை மைக் கிடைக்கிற இடமெல்லாம் சொல்லுவார். “இந்த நாடு எங்களை வா எண்டு கூப்பிடேல்லை. நாங்கள்தான் வந்து நிண்டு இடம் பிடிச்சனாங்கள்” என்பார். நானும் எத்தனையோ தடவை கை தட்டியிருக்கிறேன். அவருடைய மகள் நிவேதா இங்கே பிறந்தவள், நல்ல ஆட்டக்காரி.

ஒரு வருடம் கனடா அணிக்கான தெரிவுப் போட்டியில் கடைசி இடத்துக்கு நீயும் நிவேதாவும் மோதினீர்கள். வரிசையாக நாலு செற்றிலும் நீ வென்றாய். இரண்டு கிழமைக்குப் பிறகு, அந்த இடம் இளம் தலைமுறைக்கு ஒதுக்கப்படுகிறது என்று அறிவித்தார்கள். நிவேதா போனாள். உனக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. அந்தச் சட்டையை அதற்குப் பிறகு நீ போடவே இல்லை. ஏன் என்று கேட்டேன். “வயசு” என்றாய். அடி முட்டாளே என்று என்னை நானே இப்போது திட்டிக்கொள்கிறேன், நான் அதை நம்பினேன்.

உன்னைக் கொண்டுபோய் எரித்த கிழமை, உன் கணவர் வேய் உன் மட்டைப் பையை என்னிடம் தந்தார். உள்ளே இரண்டு மட்டை, ஒரு துவாய், நாலாக மடித்த ஒரு தாள். அது தெரிவுக் குழுவுக்கு அனுப்பிய மனுவின் பிரதி. ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் தமிழ். ‘இறக்குமதி ஆட்டக்காரர்களால் இம்மண்ணில் பிறந்த எமது பிள்ளைகளின் இடம் பறிபோகிறது. இவர்களின் விசுவாசம் எந்த நாட்டுக்கு என்பதை யார் அறிவார்?’

இறக்குமதி! அரிசி மூட்டையிலும் கருவாட்டுப் பைக்கற்றிலும் நாங்கள் வாசிக்கிற சொல். நாங்கள் எல்லாரும் எந்த மரத்தில் காய்த்தோம், யூலன்? எங்கள் விசுவாசத்தை யார் எடைபோட்டுப் பார்த்தார்கள்?

கீழே ஐம்பத்துமூன்று கையெழுத்து. முதலாவது பரம் அங்கிள். பன்னிரண்டாவது நான்.

எங்கே வைத்தேன் என்று மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள் ஞாபகம் வந்தது. ஒரு சாமத்தியவீட்டு மண்டபம், யாரோ பிள்ளையின் பூப்புனித விழா. சாப்பாட்டு வரிசையில் ஒரு கையில் தட்டும் மறு கையில் றோல்ஸுமாக நிற்கிறேன். பரம் அங்கிள் தாளோடு வரிசை நெடுக வருகிறார். “பிள்ளை, இதில ஒரு சைன் வை.” “என்னத்துக்கு அங்கிள்?” “எங்கட பிள்ளையளுக்காகத்தான்.” அவ்வளவுதான் கேட்டேன். றோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டு, எண்ணெய்க் கையோடு கையெழுத்து வைத்தேன்.

எங்கள் ஆட்களைத் தெரியும்தானே உனக்கு. காணாமல் போனவர்களுக்காக, சிறையில் இருந்தவர்களுக்காக, நாடு கடத்தப்பட இருந்தவர்களுக்காக என்று எத்தனை மனு. கோயிலில், கடை வாசலில், பிறந்தநாள் விழாவில் யாராவது தாளை நீட்டுவார்கள், நாங்கள் வைப்போம். வாசித்துப் பார்ப்பது எங்களுக்கு மரியாதைக் குறைவு மாதிரி. எங்களுக்காக என்று சொன்னால் அது நல்லதுக்குத்தான் என்று இருந்துவிட்டோம். அந்தப் பழக்கத்தைத் தெரிந்துகொண்டே அவர் தாளோடு வந்தார்.

தாளின் மூலையில் இருந்த திகதிப்படி, அந்தப் பிரதியைக் குழு உனக்கு அனுப்பியது அந்த வருடமே. அப்படியென்றால் என் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வந்தாயா? அதற்குப் பிறகு பதினாலு வருடம் என் பக்கத்தில் நின்று ஆடினாயா? எங்கள் அம்மா அவித்த புட்டை மூன்றாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாயா? ஏன் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை?

தாளைத் தூக்கிக்கொண்டு வேயிடம் போனேன். என் பெயரைத் தொட்டுக் காட்டினேன். அவர் தேநீர் ஊற்றிக்கொண்டே, “தெரியும். யூலன் சொன்னவள்” என்றார்.

“என்ன சொன்னவள்?”

“நீ வாசிக்காமல் வைச்சிருப்பாய் எண்டு.”

அந்த நேரம் உன்மேல்தான் எனக்கு முதலில் கோபம் வந்தது. உன் பெருந்தன்மையை யார் கேட்டது? முகத்துக்கு நேரே ஒரு அறை விட்டிருந்தால் அப்போதே அந்த மனுவைக் கிழித்துப் பரம் அங்கிளின் கையில் கொடுத்திருப்பேனே. பொறுத்துப் பொறுத்து என்னையும் சேர்த்து அல்லவா அவமானப்படுத்திவிட்டுப் போனாய்?

அந்தத் தாளைக் கூட்டத்தில் வாசிக்கப் போகிறேன் என்று வேயிடம் சொன்னேன். பரம் அங்கிள்தான் எனக்குப் போன் எடுத்துப் பேசக் கூப்பிட்டிருந்தார். உன் பெயரில் ஒரு வெற்றிக்கிண்ணம் வேறு செய்வித்திருந்தார். வேய் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு உன் பழக்கம் ஒன்றைச் சொன்னார். பதினொன்றில் முடிகிற ஆட்டம் பத்துக்குப் பூச்சியம் என்று நின்றால், சீனாவில் ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே ஒரு பந்தை வலையில் அடிப்பார்கள், எதிராளி வெறும் பூச்சியத்தோடு வீட்டுக்குப் போகக்கூடாது என்றார். “யூலன் ஒருநாளும் அந்த ஒரு பொயின்ற்றைக் குடுக்காமல் விட்டதில்லை. அந்த மனிசனுக்கும் குடு” என்றார்.

“நான் யூலன் இல்லை” என்றேன். அதற்கு மேல் அவர் தடுக்கவில்லை.

கூட்டத்தில் முந்நூறு பேர் இருப்பார்கள். பரம் அங்கிள் வேட்டி சால்வையோடு ஏறி, நீ எப்படி இந்த நாட்டின் மானத்தைக் காத்தாய் என்று அரை மணி நேரம் பேசினார். கண்ணைக் கூடத் துடைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாளை விரித்து, முன்வரிசையில் இருந்த வேய்க்காக இங்கிலீஷிலும், மற்றவர்களுக்காகத் தமிழிலும் முழுவதையும் வாசித்தேன். முதல் கையெழுத்து யாருடையது என்றும் வாசித்தேன்.

பரம் அங்கிள் எழும்பினார்.

“பிள்ளை, உது பழைய கதை. உதை ஏன் இப்ப கிண்டுறாய்? நீயும்தானே அதில சைன் வைச்சனீ!”

“ஓம் அங்கிள். பன்னிரண்டாவது. அதையும் வாசிக்கத்தான் நிக்கிறன்” என்று சொல்லி, என் முழுப் பெயரையும் அப்பாவின் பெயரோடு வாசித்தேன். என் குரல் உடைந்தது. மறைக்கவில்லை.

நிவேதா ஒஷாவாவில் இருந்து பிள்ளைகளோடு வந்திருந்தாள். எழும்பி மேடைக்கு வந்து தாளை என் கையிலிருந்து வாங்கி, தானே வாசித்தாள். “அப்பா, இஸ் திஸ் வை ஐ காட் இன்? யங் பிளேயர் எண்டு எடுத்தது பொய்யா?” என்று கேட்டாள். அவர் சால்வையைச் சரிசெய்தார். அவள் இன்னொரு தரம் கேட்டாள். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு நெஞ்சு வலித்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் செய்ததற்கு நான் வருந்தவில்லை. அவளுக்கும் அல்லவா அவர் திருட்டுச் சட்டையைப் போட்டுவிட்டிருந்தார்?

வேய் எழும்பி, பூவுக்கு நடுவில் வைத்திருந்த உன் படத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். கிண்ணத்தை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் கழகத்து ஆட்கள் அதைச் சுற்றி நின்றார்கள்.

நேற்றுப் பரம் அங்கிள் போன் எடுத்தார். “என்ர வீட்டை அழிச்சுப் போட்டாய், பிள்ளை. மகள் என்னோட கதைக்கிறாளில்லை” என்றார். “யூலன் இதைப் பற்றிப் பதினாலு வருசம் எங்களில ஒருத்தரோடயும் கதைக்கேல்லை அங்கிள், நீங்களும் பழகிக்கொள்ளுங்கோ” என்று சொல்லிப் போனை வைத்தேன். யூலன், அதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? உனக்கு இது பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும்.

இன்னும் ஐம்பத்தொரு பெயர் இருக்கிறது. இதை வாசித்துக்கொண்டிருக்கிற அண்ணைமாரே, அன்ரிமாரே, உங்களைத்தான் சொல்கிறேன். நீங்களும் என்னைப் போல வாசிக்காமல் வைத்தவர்களாக இருக்கலாம். அப்படியானால் அதைப் போய்ச் சொல்லுங்கள். கழகத்தில் எவரைக் கேட்டாலும் வேயின் வீட்டைக் காட்டுவார்கள். அவர் தேநீர் தருவார், திட்டமாட்டார். திட்டுவதற்கு நான் இருக்கிறேன்.

யூலன், உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கலியாணம், பிறந்தநாள், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று இந்த ஊரில் எங்கள் சனம் கூடுகிற மண்டபம் எல்லாவற்றிலும் ஒரு மைக் இருக்கிறது. ஒரு பாட்டுப் படிக்கிறேன் என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். நான் ஏறுவேன். உன் வீட்டு வாசலுக்கு வராதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பேன். ஒவ்வொரு முறையும் என் பெயரில்தான் தொடங்குவேன். நீ என்னை மன்னித்ததை நான் ஏற்கவில்லை.

உனக்கு எதிராகக் கையெழுத்து வைத்த
உன் தங்கச்சி,
சுகந்தி