பீடிக்குச் சபையில் தடையில்லை

1954 ஜூலை 14, புதன்

காலையிலிருந்து சாரல். வேட்டி காயவில்லை. பாறசாலைச் சந்திப்பில் மறுபடி ஊர்வலம். இந்தப் பக்கத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டுமாம். போலீஸ் வண்டி. கடைகள் அடைப்பு. கள்ளுக்கடை மட்டும் திறப்பு. அங்கே எல்லைத் தகராறு இல்லை.

நாளை அக்கா வீட்டுக்காரருக்கு, அத்தானுக்கு, சபைக் கமிட்டி விசாரணை. போன வாரம் ஆப்பமாவு புளிக்கக் கள் வாங்கப் போனார். மிஷன் வீடுகளில் இது வழக்கம், பாவமில்லை. வாங்கியவர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடித்தார். அது பாவம். பார்த்தது சபைச் செயலர். அவருக்கு அங்கே என்ன வேலை? அவர் வீட்டிலும் மாவு.

குடிக்கிறவன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது. அக்காவின் முதல் குழந்தை ஞானஸ்நானத்துக்கு முன்பே போய்விட்டது. கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே புதைத்தார்கள். இப்போதுள்ள கைக்குழந்தைக்கும் நெஞ்சில் இழுப்பு. ஞானஸ்நானத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று. அக்கா குழந்தையை மடியைவிட்டு இறக்கவில்லை.

ஜூலை 15, வியாழன்

அத்தானுக்குத் துணையாக நானும். மழை, சன்னல் சாத்தியிருந்தது. கமிட்டி முழுக்க வாயில் பீடி. அப்பாவும் கமிட்டிதான். செயலரின் முகம் புகைக்குள் எங்கோ.

"ஒண்ணு குடிச்சவன் ஒம்பதும் குடிப்பான் மக்கா," என்றார் செயலர்.

"பீடி ஒண்ணோட நிக்குமா, ஓய்?" என்றார் அத்தான்.

சிரிப்பு. இருமல். எது எதென்று பிரிக்க முடியவில்லை.

செயலர்: "பீடிய விலக்குன இடம் வேதத்துல உண்டா? காட்டும்."

அத்தான்: "கானாவூர் கல்யாணத்துல ஆண்டவர் தண்ணியத் திராட்சரசமாக்குனாரே, அது கருப்பட்டித் தண்ணியாக்கும்?"

யாரும் சிரிக்கவில்லை. அத்தான் அப்பா பக்கம் திரும்பினார். "மாமா பீடிய விடட்டு. நான் கள்ள விடுதேன்."

அப்பா பீடியைக் காலால் நசுக்கினார். "விட்டாச்சு." கைதட்டல்.

தீர்ப்பு: அத்தான் ஞாயிறு சபை முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு ஞானஸ்நானம். அப்பா யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

ஜூலை 16, வெள்ளி

மழை. மண்டைக்குள் ஒரே கணக்கு.

கள், மிதமாக: சனிக்கிழமை ஒரு கிளாஸ். கூடினால் ஈரல், கூலி, வாய்ச்சண்டை. கூடாது என்று யார் உத்தரவாதம்? அத்தானின் அப்பா அப்படித்தான் செத்தார். ஒப்புக்கொள்கிறேன்.

பீடி, மிதமாக: அப்படி ஒருவரை இன்னும் பார்க்கவில்லை. மிதம் என்பது அடுத்த பீடிவரை. மஞ்சள் விரல், சட்டையில் ஓட்டை, விடிந்ததும் இருமல். கள், குடித்தவனின் வயிற்றோடு நிற்கும். புகை தொட்டில்வரை போகும். குழந்தைக்குப் புகை ஆகாது என்று டாக்டர் சொன்னபோது அப்பா பக்கத்தில்தான் நின்றார். புகைத்துக்கொண்டு.

இரண்டும் கேடு. பீடி கூடுதல் கேடு. ஆனால் அதற்குச் சபையில் மரியாதை இருக்கிறது.

ஜூலை 17, சனி

அத்தான் கடைப் பக்கம் போகவில்லை. முற்றத்தில் விறகு கீறினார். வேண்டாத விறகு.

அப்பா அடிக்கடி கிணற்றடிக்கு.

"எங்க அப்பா போறிய?"

"பல்லு வலி மக்கா. கிராம்பு தேடுதேன்."

கிணற்றடியில் கிராம்பு.

இரண்டு கட்சிக்காரர்களும் தங்கள் எல்லைக் கூட்டத்தில் பேச என்னை வரச் சொன்னார்கள். ஒருவன் தமிழில் அழைத்தான், இன்னொருவன் மலையாளத்தில். இருவருக்கும் நடுவில் ஒரே பீடி. போகவில்லை.

ஜூலை 18, ஞாயிறு

வெயில். ஆராதனைக்கு முன், கோயிலுக்குப் பின்புறம் அப்பாவும் செயலரும். ஒரே தீக்குச்சியில் இரண்டு பீடி. நான் பார்த்தேன். அத்தான் பார்த்தார். குழந்தையோடு அக்காவும்.

"ஒண்ணே ஒண்ணு, எலே," என்றார் அப்பா என்னிடம். "மிதமா."

அத்தான் திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. உள்ளே போனார். ஒரு கிளாஸ் கள்ளுக்காக எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். முன்வரிசையில் அப்பா, செயலர். நிதானமாகத் தலையாட்டல்.

ஞானஸ்நானம் ஆயிற்று. குழந்தை அழுதது, அழுகை நின்றும் இழுப்பு நிற்கவில்லை. வழக்கப்படி முதலில் தாத்தா கையில். அப்பா எழுந்து இரண்டு கையும் நீட்டினார். சபை முழுதும் பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா கொடுக்கவில்லை.

"வாய் கழுவீட்டு வாருங்க அப்பா."