உன் கையில் மட்டும் சரியாக ஓடிய நிரல்

இன்று காலை என் திரை இரண்டாகப் பிரிந்து, கீழ்ப்பாதியில் நீ எழுதிய நிரலின் பெயர் வந்து நின்றது. பிழை எங்கே என்று, நாம் நிரல் எழுதுகிற எடிட்டர் காட்டுகிற ஜன்னல் அது. ஹெப்பகோடி தொழிற்சாலைக்கு மூன்றாவது ஷிப்டின் பஸ் பட்டியலைச் சேர்க்கப் போய் இப்படி மாட்டிக்கொண்டேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இப்போதும் என்னை வேலை வாங்குகிறாய்.

அலுவலகத்தில் எல்லோரும் புதிது புதிதாக எடிட்டர் மாற்றினார்கள். நீ மட்டும் அந்தப் பழையதை விடவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் கைவிட்டு மாற்றலாம் என்பதில் உனக்கு அப்படி ஒரு பெருமை. நிரலின் கடைசி அடைப்புக்குறியில் கர்சரை வைத்து ஒரு விசையைத் தட்டுவாய். அந்த நொடியே புது நிரல் அமலுக்கு வந்துவிடும். "மூடித் திறக்க வேணாமா?" என்று முதல் வாரம் கேட்டேன். "இட்லி வெந்துச்சான்னு பாக்க அடுப்ப அணைப்பாங்களா?" என்றாய். அன்றைக்கே நானும் அதற்கு மாறினேன். தங்கவயலிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வருகிறவனுக்குக் காலையிலேயே இவ்வளவு வாய் எப்படி என்று யோசித்திருக்கிறேன்.

இதே பஸ் பட்டியலில்தான் நமக்குள் சண்டை வந்தது. என் மேசையில் ஓட்டினால் முதல் ஷிப்ட் ஆட்களின் பெயர் இரண்டாம் ஷிப்டிலும் வந்து உட்கார்ந்தது. "சொல்ப இரு, எனக்குச் சரியா வருதே" என்று கன்னடம் கலந்து என்னைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, உன் மேசையில் ஓட்டிக் காட்டினாய். சரியாகத்தான் வந்தது. என்னிடம் திரும்ப வந்தால் மறுபடி கலப்படம். மூன்று நாள் இதே கூத்து. கடைசியில் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "ஓட்டிப் பாக்காமலே சரின்னு சொல்லாத."

நீ கோபப்படவில்லை. "ஓட்டிப் பாத்தேன்மா" என்று மட்டும் சொன்னாய். அது வெள்ளிக்கிழமை. ஞாயிறு நெஞ்சுவலி என்று உன்னைக் கொண்டுபோனார்கள், திங்கட்கிழமை உன் நாற்காலி காலி. நீ போன பிறகு, ஒவ்வொரு ஷிப்டுக்கும் எடிட்டரை மூடித் திறந்தால் பட்டியல் சரியாக வந்தது. காரணம் புரியாமலே அப்படி ஓட்டிக்கொண்டிருந்தோம்.

இன்று விடவில்லை. ஒவ்வொரு வரியாக நிறுத்தி, ஒவ்வொன்றின் பதிலையும் கேட்டுக்கொண்டே போனேன். நீ தொடக்கத்தில் தலைப்பு மட்டும் எழுதிய ஒரு பட்டியலை வைத்திருந்தாய். ஓட்டும்போது பெயர்கள் அதன் வாலில் ஒட்டுகின்றன. ஓடி முடிந்த பிறகும் அவை அங்கேயே தங்கிவிடுகின்றன. அடுத்த முறை பழைய பெயர்களோடுதான் ஆரம்பிக்கிறது.

அப்படியானால் உனக்கு மட்டும் எப்படிச் சரியாக வந்தது? உன் கையை நினைத்துப் பார்த்தேன். நீ எதையும் ஓட்டுவதற்கு முன்னால் அடைப்புக்குறிக்குப் போய் அந்த விசையை ஒரு தட்டுத் தட்டுவாய், சாமி படத்தைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி. அந்தத் தட்டில் நிரல் புதிதாகப் பிறந்து பட்டியல் காலியாகிவிடும். நானோ அப்போது ஒருமுறை மட்டும் தட்டிவிட்டு இரண்டு ஷிப்டையும் அடுத்தடுத்து ஓட்டினேன். நிரலில் பிழை இருந்தது, ஆனால் நீ பொய் சொல்லவில்லை.

கண்டுபிடித்த சந்தோஷம் இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. வெட்கமாக இருந்தது. உன்னைச் சந்தேகப்பட்ட மூன்று நாளில் ஒரு தடவையாவது உன் திரையை விட்டு உன் விரலைப் பார்த்திருக்கலாம். பட்டியலைத் திருத்திச் சேமித்துவிட்டேன். மீட்டிங்கில் சொன்னதைத்தான் திருத்த முடியவில்லை, அது என்னோடேயே இருக்கிறது. நீ ஓட்டிப் பார்த்திருக்கிறாய், ஒவ்வொரு முறையும் என்னைவிட ஒரு தட்டு கூடுதலாகவே.